மூணாவது வரி

நேத்து நம்ம கேங்குல புச்சா சேந்த எட்டு பேருக்கும் இத்த எய்துறேன். எட்டுல மூணு பேருக்குத்தான் படிக்கத் தெரியும்னு கேட்டு வச்சுகினேன். அவுங்க மத்தவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. நானே மூணாங்கிளாஸோட நின்னவன், எய்த்து கோணலாத்தான் வரும். கண்டுக்காதீங்க.

இந்த மாதிரி வெசயம்லாம் தல நரைச்சு, வேலைய வுட்டுட்டு வூட்ல குந்திகினு கீறவங்கதான் சொல்லுவாங்க. நம்ம கேங்குல அப்டி யாரும் இல்ல. தல நரைக்கிற வரிக்கும் ஹார்பர்ல நிக்கிறவன் கம்மி. எனுக்கு இருவத்தி ரெண்டு வயசு. எங்க அண்ணன் தேசப்பன் செத்து ஒரு வருசம் ஆகப்போவுது. அவரு இருந்தா அவருதான் உங்க கிட்ட இத்த சொல்லியிருப்பாரு. சிரிக்க சிரிக்க சொல்லுவாரு. எனுக்கு அப்டி வராது. அதான் பேசாம எய்துறேன்.

மூட்ட எப்டி தூக்கணும், கொக்கி எங்க போடணும், அதெல்லாம் நாலு நாள்ல தானா வந்துரும். நான் சொல்ல வந்தது கைய பத்தி.

நாம வேல செய்றது கப்பலோட அடிவயித்துல, பள்ளத்துல. மேல வின்ச்சு, அதான் சரக்க தூக்கி எறக்குற மிசினு, ஓட்றவருக்கு கீய இன்னா நடக்குதுன்னு தெரியாது. கீய கீறவனுக்கு மேல இன்னா தொங்குதுன்னு தெரியாது. ரெண்டுத்தையும் பாக்குறவன் ஒருத்தன்தான். பள்ளத்து ஓரத்துல நின்னு கை காட்றவன். அவன் உள்ளங்கைய கீய காட்டுனா சரக்கு எறங்கும். ரெண்டு கையையும் தூக்குனா நிக்கும். இப்ப அந்த எடத்துல நான் நிக்கிறேன். உங்க எட்டு பேரு தலையும் என் கைலதான் கீது.

நம்ம கேங்குல மட்டும் ஒரு வழக்கம் உண்டு. கை காட்றவன், தப்பா காட்டிட்டோம்னு தெரிஞ்ச ஒடனே, கைய மாத்துறதுக்கு முன்னாடியே வாய தொறந்து "என் கை!"ன்னு கத்தணும். அந்த சத்தம் கேட்டா கீய கீறவன் இன்னா ஏதுன்னு அண்ணாந்து பாத்துகினு நிக்கக் கூடாது. அடுக்கி வச்ச சரக்குப் பக்கமா பாஞ்சுரணும். மத்த கேங்கு ஆளுங்க நம்மள "என் கை வந்துட்டாண்டா"ன்னு நக்கல் வுடுவானுங்க. வுடட்டும். இது சொம்மா நாம வச்சுகினது இல்ல. பேப்பர்ல எய்தி கீது. அத்த எய்தி சாட்சி கையெய்த்து போட்டவரு இப்ப மந்திரி.

அந்த பேப்பரு கதைய அண்ணன் எனுக்கு நூறு வாட்டி சொல்லிகீறாரு.

வெள்ளக்காரன் காலம். ஒலக சண்ட நடந்துகினு இருந்த டைமு. எனுக்கு அப்ப பத்து வயசு இருக்கும். பள்ளத்துல சரக்கு வுயுந்து ஒரே வாரத்துல ரெண்டு பேரு போய்ட்டாங்க. கேங்கு மொத்தமும் வேலைய நிறுத்திட்டு கேட்டாண்ட குந்திகினாங்க. மூணாம் நாளு காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தரு வந்து நின்னாராம். ஒல்லியா, சட்டப் பையில பவுண்டன் பேனா சொருவிகினு, ஒரு செருப்பு வாரு அறுந்து கால இஸ்துகினு.

"இன்னா தம்பி, கப்பல் பாக்க வந்தியா?"

"இல்லண்ணே. உங்களோட உக்காரலாம்னு வந்தேன்."

"குந்து. மொதல்ல அந்த செருப்ப கயட்டிக் குடு. பாக்க சகிக்கல."

சாக்கு தைக்கிற கோணி ஊசியால அண்ணன் அந்த வார தைச்சுக் குடுத்தாரு. அந்த பையனுக்கு அப்பால நாலு நாளு வூடு வாசலே இல்ல. கேங்கோட கஞ்சிய குடிச்சுகினு கெடந்தாரு. அவரு வந்த அஞ்சாம் நாளு பெரிய கான்ட்ராக்டர் எறங்கி வந்துட்டாரு, பேப்பர்ல எய்துங்க, பாக்கலாம்னு. பையன் மூட்ட மேல குந்திகினு எய்துனாரு.

மொத வரி: கை காட்றவர பள்ளத்துல வேல செய்றவங்கதான் பொறுக்கணும். ரெண்டாவது: அவரு நிறுத்துன்னா மேஸ்திரி ஓட்டுன்னாலும் ஓட்டக் கூடாது. இது ரெண்டுத்தையும் மடமடன்னு எய்திட்டாரு. மூணாவது வரி எங்க அண்ணன் சொன்னது. அதுலதான் பையன் பேனாவ மூடிட்டாரு.

"இத எப்படிண்ணே எழுதுறது? தப்பு பண்ணவர வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னா எந்த கான்ட்ராக்டர் ஒத்துக்குவான்? எனக்கே இது நியாயமா படல."

"தம்பி, பரீச்சைல தப்பா எய்திட்டீன்னு வச்சுக்கோ. நீயே போயி வாத்தியார் கிட்ட சொல்லுவியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"மார்க் போயிடும்."

"உனுக்கு மார்க்கு. எங்களுக்குத் தல. வேல போயிடும்னு பயந்தா எவன் நைனா வாய தொறப்பான்?"

பையன் பேனாவ தொறந்து எய்துனாரு: 'தவறாகச் சைகை காட்டியவர் அதை உடனே உரக்கச் சொல்ல வேண்டும். அவ்வாறு சொன்னவரை அந்தத் தவறுக்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது.'

கீய கான்ட்ராக்டர் கையெய்த்து. பக்கத்துல சாட்சின்னு பையன் கையெய்த்து. ரெண்டும் அந்த பவுண்டன் பேனாலதான். நம்ம ஆளுங்களுக்கு கையெய்த்து ஏது? மூட்டைக்கு மார்க் போட்ற கருப்பு மைய தொட்டு இருவத்தாறு பேரு கட்டவெரல் வச்சாங்க. அதுல அண்ணனோடதும் ஒண்ணு.

அந்த பையன் அப்பால ஜெயிலுக்குப் போனாரு, வந்தாரு, சுதந்திரம் வந்துச்சு, மந்திரியாயிட்டாரு. அங்கதான் நம்ம ஆளுங்க புத்தி வேல செஞ்சுது. பேப்பரு எங்க வூட்டு தகரப் பொட்டில இருக்கும். ஆயுத பூஜ அன்னிக்கு வெளிய எடுத்து, கொக்கிங்க பக்கத்துல வச்சு படைப்போம். கொக்கிக்கு பொட்டு வச்சா பேப்பருக்கு வைக்க வேணாமா? வச்சாங்க. எங்க வைக்கிறது? பெரிய மனுசன் கையெய்த்து மேலதான் வைக்கணும். அவரு எலெக்சன்ல ஜெயிச்ச வருசம் பொட்டு நாலணா காசு மாதிரி. மந்திரியான வருசம் அப்பளம் மாதிரி. சந்தனமும் குங்குமமும் மேல மேல அப்பி, அடியில கையெய்த்து கீதா இல்லையான்னே தெரியாது. யாரும் கவலப்படல. கீது, எங்க போவப் போவுதுன்னு இருந்தோம்.

போன வருசம் பெரிய கான்ட்ராக்டர் செத்துட்டாரு. மவன் வந்தாரு. வந்த ஒடனே கை காட்றதுக்கு ஆபீஸ்லேர்ந்து ஜம்புன்னு ஒருத்தர அனுப்புனாரு. முப்பது வயசு, வெள்ள சட்ட, ஆளு சாது. பாவாட மாமா அப்பவே கத்துனாரு. எங்க கேங்குல அண்ணனுக்கு அடுத்த ஆளு அவரு.

"தேசப்பா, பேப்பர்ல இன்னா போட்டுகீது? நம்மதான பொறுக்கணும்?"

அண்ணன் சொன்னாரு, "இந்த ஒரு கப்பலு போவட்டும் மாமு. சின்ன பையன் மொதலாளி. அப்பன் செத்த வூடு. அடுத்த கப்பலுக்கு பேசிக்கலாம்."

அடுத்த கப்பலு அவுருக்கு வரல.

தோல் பேலு, அதான் இறுக்கிக் கட்டுன தோலு கட்டு, ஏத்திகினு இருந்தோம். நான் மூலைல, முதுக காட்டிகினு அடுக்கிகினு இருந்தேன். அண்ணன் நடுவுல குனிஞ்சு ஒரு பேல நவுத்திகினு இருந்தாரு. சங்கிலி வெடுக்குன்னு நின்ன சத்தம் கேட்டுச்சு. வேற ஒரு சத்தமும் கேக்கல. யாரும் கத்தல. திரும்பிப் பாக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. மேல தொங்குன சரக்கு ஆடிகினு கீது, அதுல ஒரு பேலு இல்ல.

இதுக்கு மேல அத்த பத்தி என்னால எய்த முடியாது.

மூணாம் நாளு ஹார்பர் ஆபீஸ்லேர்ந்து ரிப்போர்ட்டு வந்துச்சு. 'தானாகவே சுமைக்கு அடியில் சென்றார்'னு. பதினாலு வருசம் பள்ளத்துல நின்ன மனுசன், தானா போயி அடியில குந்திகினாராம். அண்ணி அத்த என்ன வுட்டு ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னாங்க. அப்பால ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "அந்த வரிய எடுக்கச் சொல்லுபா. எனுக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பேப்பர்ல போட்டத மீறி ஆபீஸ் ஆள கை காட்ட வச்சதுதான் காரணம்னு ஹார்பர் ஆபீசர் கிட்ட மனு குடுத்தோம். திங்கக்கெயம விசாரண, பேப்பர எடுத்துகினு வாங்கன்னாரு. பொட்டிய தொறந்தா கையெய்த்து இருக்க வேண்டிய எடத்துல செங்கல்லு மாதிரி குங்குமம். எனுக்கு இன்னா தோணுச்சுன்னா, இப்டியே போனா சிரிப்பாங்க, தொடச்சு எடுத்துகினு போலாம்னு. அண்ணிய கேக்கல. பாவாட மாமாவ கேக்கல. ஈரத்துணிய எடுத்து தேச்சேன். குங்குமம் வந்துச்சு. கூடவே நீலமும் வந்துச்சு. நான் பதறிகினு இன்னும் தேச்சேன். ரெண்டு கையெய்த்தும் கரைஞ்சு ஒரே கறையாப் பூடுச்சு. மூட்ட மைல வச்ச இருவத்தாறு கட்டவெரலும் அசையல. பவுண்டன் பேனா மைதான் போச்சு. மேல எய்துன மூணு வரி மேல துணி படல, அது தப்பிச்சுச்சு.

அந்த நேரத்துல நான் துணிய கீய போட்டுட்டு யாரயாவது கூப்டிருக்கணும். ஒரு தப்பு பண்ணா கை சொம்மா இருக்காது, அத்த மறைக்க இன்னொன்னு பண்ணும். நல்லா ஞாபகம் வச்சுக்கங்க.

பாவாட மாமா வந்து பாத்தாரு. தலைல அடிச்சுகினாரு. "கஸ்மாலம், இருவத்தாறு பேரு உசுரத் தேச்சுட்டியேடா." அப்பால அவரே ரோசன பண்ணாரு. "மந்திரிய பாப்போம். இன்னொரு கையெய்த்து போடச் சொல்லுவோம். ஆனா ஒண்ணு. நீ தொடச்சேன்னு சொல்லாத. கான்ட்ராக்டர் ஆளுங்க தண்ணிய ஊத்திட்டானுங்கன்னு சொல்லு. அப்பதான் அவுருக்கு சுர்ருன்னு ஏறும்."

மந்திரி வூட்டாண்ட காத்தால ஆறு மணிக்கெல்லாம் கூட்டம். வாசல்ல ஒரு கணக்குப்பிள்ள மாதிரி ஆளு. ஐயாவோட சின்ன வயசு கையெய்த்துன்னு சொன்ன ஒடனே அவுரு மூஞ்சி மலந்துச்சு. "கொண்டாங்க கொண்டாங்க, கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டணும்"னாரு. பேப்பர பிரிச்சு கறைய பாத்தாரு. "போயி வரிசைல நில்லுங்க"னு திருப்பிக் குடுத்துட்டாரு.

ரெண்டு நாளு நின்னோம். ரெண்டாம் நாளு உள்ள வுட்டாங்க. ஒல்லிப் பையன் இப்ப தொப்பையோட, கண்ணாடியோட கீறாரு. பேப்பர வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு.

"இங்க என்னப்பா சிவப்பா?"

"குங்குமம்ங்க. ஆயுத பூஜைக்கு வருசா வருசம் உங்க கையெய்த்துக்கு பொட்டு வைப்போம்."

"நான் உசுரோட இருக்கும்போதேவா?" சிரிச்சுட்டாரு. அப்பால கேட்டாரு, "சரி, இத அழிச்சது யாரு?"

பாவாட மாமா என் கால மிதிச்சாரு. நல்லா மிதிச்சாரு. நான் வாய தொறந்தேன். தண்ணி ஊத்துனாங்கன்னு சொல்லத்தான் தொறந்தேன். கண்ணு எதிர்ல அண்ணன் கட்டவெரலு. அதுக்கு மேல மூணாவது வரி. அந்த வரிய வச்சுகினு அந்தப் பொய்ய சொல்ல வரல.

"நான்தாங்க. என் கைதான். அவசரத்துல தொடச்சுட்டேன்."

மாமா "ஐயோ"ன்னு மூஞ்ச திருப்பிகினாரு. மந்திரி என்ன உத்துப் பாத்தாரு. "நீ யாரு?"

"தேசப்பன் தம்பி. அவரு செத்துட்டாருங்க."

அவரு கண்ணாடிய கயட்டி மேசைல வச்சாரு. "என் செருப்ப தைச்சாரே, அவரா? அந்தச் செருப்பு ஜெயில் வரைக்கும் வந்துச்சுப்பா."

நான் கேட்டேன், இன்னொரு கையெய்த்து போடுங்கன்னு. முடியாதுன்னாரு. "அப்ப போட்டது வேற ஆளு, அந்த காலேஜ் பையன். இப்ப நான் அதுமேல போட்டா பொய்க் கையெழுத்து." எனுக்குக் கோவம் வந்துச்சு. நாம அப்பளம் மாதிரி பொட்டு வச்சது இதுக்காடான்னு தோணுச்சு. ஆனா அவரு வேற பேப்பர எடுத்து எய்தி, படிச்சுக் காட்டுனாரு.

'அன்று நான் அங்கே இருந்தேன். அந்தத் தாளை எழுதியவன் நான். கான்ட்ராக்டர் என் எதிரில் ஒப்பமிட்டார். முதல் இரண்டு வரிகள் எனக்குச் சரியாக நினைவில்லை. மூன்றாவது வரி நினைவிருக்கிறது. ஏனென்றால் அதை எழுதக் கூடாது என்று வாதாடியவன் நான். தேசப்பன் என்ற தொழிலாளிதான் என்னை ஒப்புக்கொள்ள வைத்தார்.'

வெளிய வந்து பாவாட மாமா சொன்னாரு, "மந்திரி கிட்ட போயி, ரெண்டு வரி நெனப்பு இல்லன்னு எய்தி வாங்கினு வந்த மொத ஆளு நீதாண்டா." அந்த பேப்பர்ல அண்ணன் பேரு இருந்துச்சு. எனுக்கு அது போதும் மாதிரி இருந்துச்சு.

திங்கக்கெயம. ஆபீசரு நடுவுல. ஒரு பக்கம் சின்ன மொதலாளி, அவரோட வக்கீலு, பின்னாடி செவுத்தோரமா ஜம்பு. இந்தப் பக்கம் நாங்க, அண்ணி. வக்கீலு பழைய பேப்பர தூக்கிக் காட்டுனாரு. "கையெழுத்து எங்க சார்? இவங்களே அழிச்சுட்டு வந்திருக்காங்க."

ஆபீசரு கேட்டாரு. நான் எய்ந்து நின்னேன். "ஆமாங்க, என் கை. வேற யாரும் இல்ல."

வக்கீலு சிரிச்சாரு. ஆபீசரு சிரிக்கல. மந்திரி எய்துனத படிச்சாரு. அப்பால பழைய பேப்பர எடுத்து மூணாவது வரிய வாய்வுட்டுப் படிச்சாரு. "இது பொய்க் காகிதமா இருந்தா, ஒரு மனுஷன் அதுக்கு எதிரா பேசினேன்னு எழுதித் தர மாட்டார். இந்த வரி உண்மையான வரி"ன்னாரு.

அப்பதான் செவுத்தோரம் ஏதோ சத்தம். ஜம்பு கைய தூக்கிகினு நிக்கிறாரு. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க தூக்குற மாதிரி.

"சார், என் கை சார்."

ஆபீசரு புரியாம பாத்தாரு.

"கீய ஆளு இருக்கும்போதே எறக்குன்னு காட்டிட்டேன். அப்பால பாத்துட்டு நிறுத்துன்னு காட்டுனேன். வெடுக்குன்னு நின்னதுல ஒரு பேலு நயுவிடுச்சு. கத்தியிருந்தா அவரு பாஞ்சிருப்பாரு. மொதலாளி மேலயே நின்னாரு. வேல பூடுமேன்னு கத்தல. எனக்கு இந்த வரி தெரியாது சார். யாரும் சொல்லல."

அண்ணி முந்தானைய வாய்ல அடைச்சுகினாங்க. சின்ன மொதலாளி எய்ந்துட்டாரு. ஜம்புவ பாக்காமயே சொன்னாரு, "சரி சார், இவன் தப்பு. இவன இப்பவே வேலைய விட்டு எடுத்துட்டேன். ரிப்போர்ட்ட மாத்திக்கங்க. அதோட முடிச்சுக்கலாம். இந்தப் பழைய காகிதம் எதுக்கு?"

எங்க பக்கம் பாதி பேருக்கு சந்தோசம். எனுக்கும்தான். பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆளு ரோட்ல நிக்கணும், துன்றதுக்கு இல்லாம அலையணும்னு ஒவ்வொரு நாளும் நெனச்சவன் நான். அண்ணி கேட்ட வரியும் போவுது, அந்த ஆளும் போறாரு. தலைய ஆட்டுனா போதும்.

ஆபீசரு என்னப் பாத்து கேட்டாரு. "தாள்ல 'உடனே சொல்ல வேண்டும்'னு இருக்கு. இவர் உடனே சொல்லல. அதனால இந்த வரி இவருக்குப் பொருந்தாதுன்னு நீங்க சொன்னா, நான் தடுக்க முடியாது. என்ன சொல்றீங்க?"

நான் அண்ணிய பாத்தேன். அவுங்க என்ன பாக்கல. ஜம்பு தூக்குன கைய இன்னும் எறக்காம நின்னுகினு கீறாரு, பாத்துகினே இருந்தாங்க. மெதுவா சொன்னாங்க. "அந்த வரிய உங்க அண்ணன்தான கேட்டு வாங்குனாரு."

"லேட்டுதாங்க"ன்னேன். "ரொம்ப லேட்டு. ஆனா சொல்லிட்டாரு. சொன்னவன இன்னிக்கு வெரட்டுனா, நாளைக்கு எங்க பள்ளத்துல எவனும் வாய தொறக்க மாட்டான். பேப்பரு நிக்கணும். மூணு வரியும் நிக்கணும். இவரு இருக்கட்டும். ஆனா கை காட்றவர நாங்கதான் பொறுக்குவோம்."

சொல்லிட்டு வெளிய போயி செவுத்துல முட்டிகினு அயுதேன். பாவாட மாமா பக்கத்துல வந்து நின்னாரு.

ரிப்போர்ட்டுல அந்த வரிய அடிச்சுட்டாங்க. கேங்கு என்ன பொறுக்குச்சு. ஜம்புவ பள்ளத்துல எறக்குனாங்க. வெள்ள சட்டைய கயட்டிட்டு கொக்கிய புடிச்சாரு. மொத நாளு மேலேர்ந்து பாக்கச் சொல்ல, நேரா கீய அந்தத் தல. வழுக்க வுயுந்த தல. மேல பத்து பேலு தொங்குது. என் கை. அன்னிக்கு எனுக்குள்ள இன்னாலாம் ஓடுச்சுன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ரெண்டு கையையும் தூக்கிகினே நின்னேன். வின்ச்சுக்காரரு "இன்னா கண்ணு, தூக்கமா?"ன்னு கேக்குற வரிக்கும் எறக்கல. ஜம்பு நவுந்து ஓரமா போனப்பறம்தான் எறக்குனேன்.

இந்த வருசம் ஆயுத பூஜைக்கு பேப்பர வெளிய வச்சோம். யாரும் பொட்டு வைக்கல. அண்ணி மட்டும் ஒரு பூவ எடுத்து அண்ணன் கட்டவெரல் மேல வச்சுட்டு, கொஞ்ச நேரம் கயிச்சு எடுத்துட்டாங்க.

போன மாசம் நானும் தப்பு பண்ணேன். உங்களுக்குத் தெரியணும். வெயிலு கண்ணுல அடிச்சுச்சு, பள்ளத்துல ஆளு இல்லன்னு நெனச்சு கைய கீய காட்டிட்டேன். சரக்கு எறங்குது, அடியில ஜம்பு குனிஞ்சுகினு கீறாரு. என் வாய் தானா தொறந்துச்சு. "என் கை!" தொண்ட கியியிற மாதிரி கத்துனேன். அண்ணாந்து கூட பாக்கல மனுசன், பாஞ்சுட்டாரு. சரக்கு அவரு நின்ன எடத்துல எறங்குச்சு.

சாப்பாட்டு நேரத்துல மேல ஏறி வந்து எனுக்கு ரெண்டு கை தள்ளி குந்திகினாரு. அதுவரிக்கும் நாங்க பேசிகினதே இல்ல. தூக்குவாளிய தொறந்தாரு, மூடுனாரு. அப்பால கடல பாத்துகினே சொன்னாரு.

"நல்லா கேட்டுச்சுபா."

நாளைக்கு காத்தால நீங்க எட்டு பேரும் வந்த ஒடனே கொக்கிய தொடாதீங்க. ஒவ்வொருத்தனா அந்த ஓரத்துல நிக்க வைப்பேன். என் எடத்துல நின்னு கத்திக் காட்டணும். வெக்கப்படாதீங்க. மத்த கேங்கு சிரிப்பான், சிரிக்கட்டும். கீய பள்ளத்துல ஜம்பு அண்ணன் நிப்பாரு. அவரு கேட்டுச்சுன்னு சொல்ற வரிக்கும் கத்துங்க.